கூட்டாத மூலை



காத்தான்குடியில் வெறும் நிலம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மேற்கே மட்டக்களப்பு வாவி, கிழக்கே வங்கக் கடல், நடுவில் ஒடுங்கிய மணற்பட்டி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே ஏறத்தாழ 40,000 பேர் இதில் வாழ்ந்தார்கள். இலங்கையில் மக்கள் மிக நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்களுள் இது ஒன்று. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்முடையது. தாயின் வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு எழும்பும், இளையவளுக்கு இன்னொன்று எழும்பும், கடைசி மகளுக்கு மாடி கட்டுவார்கள். மகளைத் தாயின் பக்கத்திலேயே வைத்திருந்த இந்த வழக்கம் நம் குடும்பங்களுக்குத் தந்த பாதுகாப்பு பெரிது. அதற்கு ஈடாகப் போனவை வளவுக்குள் நின்ற மாவும் முருங்கையும் கறிவேப்பிலையும், அவற்றை நம்பியிருந்த உயிர்களும்தான். இன்று கட்டடம் ஏறாத நிலம் என்று விரல் விட்டு எண்ணினால் பள்ளிவாசல் முற்றம், மையவாடி, பாடசாலை வளவு, கரையோரம் என்று நின்றுவிடும். இவற்றுள் பிள்ளைகள் நாள்தோறும் போய்வரும் இடம் பாடசாலை ஒன்றே. அதில் ஒரு மூலையைப் பறவைக்கும் பூச்சிக்கும் ஓணானுக்கும் தேரைக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இங்கு நிற்கிறேன். அப்படியொரு மூலை மரநடுகை விழாவால் உருவாகாது என்பதும் என் வாதம். சில வேலைகளை நாம் செய்யாமல் விட வேண்டும். விடுமுறையிலும் ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை கன்று நட்டாலும் அது அலங்காரத் தோட்டமாக நிற்கும், அல்லது காய்ந்துபோகும்.

ஓர் இடம் உயிர்களுக்கு உகந்ததா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இப்போது நம்மிடமுள்ள அளவுகோல் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் அதுதான் இருக்கும், படத்திலும் அதுதான் தெரியும். நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு: அங்கே எது வந்து தின்கிறது, எது தங்கிக் குஞ்சு பொரிக்கிறது என்று பாருங்கள். ஒரு கறிவேப்பிலைச் செடியை எடுத்துக்கொள்வோம். கரிய நிறத்தில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பறக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் இளந்தளிரில் கடுகளவு முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. வெளிவரும் புழு முதல் நாட்களில் பார்ப்பதற்குக் குருவியின் எச்சம் போலவே கபிலமும் வெள்ளையுமாகக் கிடக்கும். எச்சத்தைக் கொத்த எந்தக் குருவியும் வராது. வளர்ந்து தோலுரித்ததும் இலையின் பச்சைக்கு மாறிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளைச் சட்டென்று நீட்டும்; கூடவே ஒரு கார மணமும் வரும். விஞ்ஞானப் பாடநூலில் உருமாற்றம் என்று நான்கு படங்களோடு முடிந்துபோகும் பாடம் இதுதான். அந்தச் செடியின் இலை அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டு யாரோ மருந்தடித்தால் பாடமும் போகும், வண்ணத்துப்பூச்சியும் போகும், புழுவைத் தேடி வரும் தையல்சிட்டும் போகும். ஓட்டை விழுந்த இலையைக் கண்டு மகிழக் கற்றுக்கொண்ட பாடசாலையில்தான் உயிர்கள் தங்கும்.

நடுவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் இலங்கைக் கரையோரமெங்கும் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. பணம் வந்தது, ஆர்வமும் இருந்தது, பாடசாலைப் பிள்ளைகளும் சேற்றில் இறங்கி நட்டார்கள். அந்த நடுகைகளை 23 இடங்களில் ஆராய்ந்து 2017இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு கசப்பானது. 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில் தேறியது 200 ஹெக்டயரைச் சற்றே தாண்டியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நீரின் ஆழமும் உப்பும் பொருந்தாத இடத்தில் நட்டிருந்தார்கள். எளிதாகக் கிடைக்கும் ஓரிரு இனங்களையே எங்கும் நட்டிருந்தார்கள். நட்ட பின் மாடு மிதித்ததையும் பாசி மூடியதையும் பார்க்க ஆளில்லை. பராமரிப்பு இருந்த இடங்கள் பிழைத்தன. இந்தப் பாடத்தை நாடு கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். நீரோட்டத்தைச் சரிசெய்து கண்டல் தானாக முளைக்க வழிவிடும் முறைக்கு அறிவியலாளர்கள் திரும்பினார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இலங்கையின் கண்டல் மீட்பை உலக முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கடற்கரைக்குப் பொருந்திய இந்த அனுபவம் பாடசாலையின் மூலைக்கும் பொருந்தும். நடுவதற்கு ஒரு நாள் போதும். அதற்குப் பிந்திய ஐந்து ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். உலகச் சுற்றாடல் தினம் யூன் 5ஆம் திகதி வருகிறது. அன்றைக்குத்தான் நம் பாடசாலைகளிலும் கன்று நடுகிறோம். யூன் மாதத்தில் கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. அங்கே நடுவது பொருத்தம். அதே மாதத்தில் இங்கே கச்சான் காற்று மணலைச் சுட்டுக்கொண்டு வீசுகிறது. நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் மாரி. யூன் மாதம் மணலில் வைத்த கன்று மாரியைக் காண நான்கு மாதம் உயிர்பிடித்து நிற்க வேண்டும். நடுவில் ஒரு தவணை விடுமுறையையும் தாண்ட வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை தனியாக உண்டு. பிறைக் கணக்கில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். வரும் சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் மாரியின் வாலிலும் மாரிக்குள்ளும் விழும் என்பது நமக்கு நல்ல செய்தி. வேறொரு காலத்தில் அது கச்சானின் நடுவே வந்து நிற்கும். தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலை இந்தக் கணக்கோடு எழுதாவிட்டால் பட்டியல் சுவரில் தொங்கும், கன்று கருகும். ஆகவே யூன் 5ஆம் திகதியைக் கணக்கெடுப்பு நாளாக வைத்துக்கொள்வோம். சென்ற மாரியில் நட்டவற்றுள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அன்று பிள்ளைகள் எண்ணட்டும். நடுகையை ஒக்டோபருக்கு மாற்றுவோம்.

எதை நடுவது என்பதற்கு நெடுந்தூரம் தேடிப்போக வேண்டியதில்லை. வாவிக்கரை ஊர்ப் பெயர்களே நாற்றுப் பட்டியல் மாதிரி இருக்கின்றன: நாவற்குடா, தாழங்குடா, பூநொச்சிமுனை, தேத்தாத்தீவு. நாவலும் தாழையும் நொச்சியும் தேத்தாவும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. இவற்றோடு பூவரசு, புங்கு, கொன்றை, விளா, எலுமிச்சை, கறிவேப்பிலை. கடற்கரைப் பக்கமுள்ள பாடசாலையானால் மணலைப் பிடித்து நிறுத்த அடம்பன் கொடி. எருக்கலையைக் கண்டதும் பிடுங்காதீர்கள். அதன் பால் நஞ்சைத் தின்று வளர்ந்து, அந்த நஞ்சையே தன் காவலாக்கிக்கொள்ளும் வண்ணத்துப்பூச்சிக்கு அதுவே முக்கிய உணவு. பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால் அது வேலிக்கு அப்பால் நிற்கட்டும். ஆலும் அத்தியும் பறவைகளுக்குப் பெரும் விருந்துதான், ஆனால் வேர் மதிலைப் பிளக்கும். பெரிய மைதானமில்லாத பாடசாலை அவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். உள்ளூர் இனங்களை நான் வற்புறுத்துவது மண்பற்றால் மட்டுமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் நகர வீட்டுத் தோட்டங்களில் பூச்சி தின்னும் ஒரு சிறு குருவியின் பெருக்கத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். தோட்டத்துத் தாவரங்களில் உள்ளூர் இனங்களின் பங்கு 70 வீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்தக் குருவியால் தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை. வெளிநாட்டுச் செடியில் புழு குறைவு, புழு குறைந்தால் குஞ்சுக்கு இரை இல்லை. குருவியும் செடியும் இங்கே வேறு. அந்த 70 என்ற எண் நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காரணம் மட்டும் எங்கும் ஒன்றே. வரிசையாக வெட்டிவிட்ட குரோட்டன் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். பசித்த குஞ்சுக்கு அது சுவர் மாதிரி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு இடம். பிள்ளைகள் ஓடி விளையாடவே மைதானம் போதாத பாடசாலைகள் பல நம் ஊரில் உண்டு. பூச்சிக்கு எப்படி நிலம் கொடுப்பது? விளையாட்டு மைதானத்தில் ஓர் அடியையும் நான் கேட்கவில்லை. மதிலோரம், நீர்த்தாங்கியின் பின்புறம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய கீலம் ஆகியவற்றையே கேட்கிறேன். அவ்வளவு சிறிய இடத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்போருக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற உயிரியலாளர் செய்த வேலையைக் காட்டுகிறேன். புறநகரிலுள்ள தம் சாதாரண வீட்டுத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் விடாமல் கணக்கெடுத்து 2,673 இன உயிர்களை அவர் பதிவு செய்தார். அந்தத் தோட்டத்தின் பரப்பு 741 சதுர மீற்றர். நம் கணக்கில் சொன்னால் 30 பேர்ச்சுக்கும் குறைவு. கண்டவற்றுள் பெரும்பங்கு பூச்சிகள். அது குளிர் நாடு, எண்ணியவரும் துறை வல்லுநர். நம் பிள்ளைகளின் கொப்பியில் அந்தத் தொகை வராது. ஆனாலும் ஐந்து பேர்ச் நிலம் வீண் என்று சொல்ல இனி யாருக்கும் ஆதாரம் இல்லை. மரம் வளராத மண் என்றும் சொல்ல முடியாது. பிரதான வீதியின் நடுவே, தாரின் வெக்கையில், பேரீச்சை மரங்களை வரிசையாக வளர்த்துக் காட்டிய ஊர் இது. மனம் வைத்தால் நம்மால் பராமரிக்க முடியும் என்பதற்கு அவையே சாட்சி.

பாம்பு பற்றிய பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளுவது பொறுப்பற்ற செயல். இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் 2016இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. தாயொருத்தி தன் பிள்ளையின் வகுப்பறைக்குப் பக்கத்தில் பற்றை வேண்டாம் என்றால் அவளிடம் புள்ளிவிபரம் பேச முடியாது, ஏற்பாட்டைத்தான் காட்ட வேண்டும். பாம்பு வருவது எலியைத் தேடி; எலி வருவது மிச்சச் சோற்றுக்கும் கட்டட இடிபாட்டுக் குவியலுக்கும். பாடசாலைகளின் பின்புறத்தில் உடைந்த கதிரை மேசையும் கல்லும் ஓடும் அடுக்கிக்கிடக்கின்றனவே, நாகமும் புடையனும் விரும்பும் இடம் அது. அதை அகற்றுவது முதல் வேலை. ஒதுக்கிய மூலைக்கும் வகுப்பறைக்கும் நடுவே வெட்டவெளியான அகலமான மணல் நடைபாதை இருக்க வேண்டும். சருகு கிடக்கும் பகுதிக்குள் பிள்ளைகள் இறங்கக் கூடாது. கயிற்று வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதே விதி. சப்பாத்து இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. இவ்வளவையும் செய்தால் இன்றிருக்கும் ஆபத்தை விடக் குறைவான ஆபத்தே மிஞ்சும் என்பது என் துணிபு.

டெங்கு அதைவிடக் கிட்டிய பயம். 2017இல் மட்டும் நாட்டில் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த ஆண்டு முதல் பாடசாலையில் தண்ணீர் தேங்குவதைக் கண்டாலே அதிபருக்கு நெஞ்சு பதறும்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த நேரமும் வரலாம். ஆனால் டெங்கு நுளம்பு எங்கே பெருகுகிறது? யோகட் கோப்பை, சிரட்டை, டயர், அடைபட்ட கூரைப் பீலி, மூடாத தாங்கி போன்ற கொள்கலன்களில். மணலில் கிடக்கும் சருகில் அது முட்டையிடாது, மழைநீரைப் பிடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் மூடியில் இடும். நம் மூலையில் குளம் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மீன் விட்ட தொட்டிகூடக் கவனிப்பாரற்றுப் போனால் கேடு. பறவைக்குத் தட்டையான ஒரு மண்சட்டி போதும். முட்டை பெரிய நுளம்பாக ஒரு கிழமை அல்லது பத்து நாள் எடுக்கிறது. சட்டியை நாள்தோறும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினால் அங்கே எதுவும் பெருகாது. தேய்ப்பதை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் சட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். விடுமுறை தொடங்கும் நாளில் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மரப்பொந்தில் நீர் நின்றால் மணலால் அடையுங்கள். இந்த ஒழுங்கைக் கற்ற பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் கிடக்கும் சிரட்டையையும் கவிழ்க்கும். டெங்குத் தடுப்புக்கு இதைவிடச் சிறந்த வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு துப்புரவு பற்றியது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தூய்மையை ஈமானின் பாதியாகக் கொண்ட சமூகம் நாம். காலையில் முற்றம் கூட்டி, மணலில் ஈர்க்குமாறின் கோடு தெரிந்தால்தான் வீடு வீடாக இருக்கும். பாடசாலையிலும் பிள்ளைகளின் முதல் வேலை சருகு பொறுக்குவது. அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன், அதைக் குலைக்க வரவில்லை. கூட்டிய குவியலை ஒருமுறை கிளறிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு பக்கம் சொப்பிங் பை, இனிப்புத் தாள், உறிஞ்சுகுழாய். மறுபக்கம் பூவரசம் இலை, கொன்றைப் பூ, சுள்ளி. முதலாவது குப்பை; அது எங்கும் கிடக்கக் கூடாது, இந்த மூலையில் அறவே கிடக்கக் கூடாது. இரண்டாவது, மண்ணுக்கு மண் திருப்பிக் கொடுப்பது. நம்முடையது சத்தைப் பிடித்துவைக்காத மணல். சருகு மக்கி மூடினால்தான் அதில் ஈரம் தங்கும், மரவட்டை வரும், மண்புழு வரும், அவற்றைக் கிளறிப் பொறுக்கப் புலுனிக் கூட்டம் வரும். சருகையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் கூட்டித் தீ வைக்கும்போது நாம் துப்புரவு செய்யவில்லை, நஞ்சைப் பிள்ளைகளின் மூக்குக்கு அனுப்புகிறோம். நட்ட மரத்தில் பறவை தின்பதும் நட்டவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்று மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். பறவை தின்ன வருவதற்கு முதலில் புழு இருக்க வேண்டும், புழுவுக்குச் சருகும் இலையும் வேண்டும். அந்தப் போதனையை இவ்வளவு தூரம் பின்தொடர்வது மார்க்கத்துக்கு மாறானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மையவாடியில் புல்லையும் மரத்தையும் வெட்டாமல் விட்டுவைக்கும் மனம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பரீட்சையைப் பற்றிக் கேட்காமல் எந்தப் பெற்றோரும் எழுந்து போகமாட்டார்கள். புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் இருக்கும்போது ஓணான் பார்க்க நேரம் ஏது? ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 36 பாடசாலைகளைச் சேர்ந்த 2,593 பிள்ளைகளை ஓராண்டு காலம் பரிசோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். பாடசாலைக்குள்ளும் சுற்றிலும் பசுமை கூடிய இடத்துப் பிள்ளைகளின் நினைவாற்றலும் கவனமும் அந்த ஆண்டில் கூடுதலாக வளர்ந்திருந்தன. மரங்கள் வாகனப் புகையைக் குறைப்பது அதற்கான காரணங்களுள் ஒன்று என்றும் கண்டார்கள். தொடர்பு இருப்பதை அந்த ஆய்வு காட்டுகிறது, மரம் நட்டால் புள்ளி கூடும் என்று உத்தரவாதம் தரவில்லை, நானும் தரமாட்டேன். பசுமையால் படிப்பு கெடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஆசிரியரின் சுமை வேறு விடயம். சுற்றாடல் முன்னோடிகள் படையணி என்று பல பாடசாலைகளில் ஏற்கெனவே ஒன்று இயங்குகிறது. அதன் பதக்கத்துக்காகப் பிள்ளைகள் செய்யும் வேலையை இந்த மூலைக்குத் திருப்பினால் புதிய சுமை பெரிதாக ஏறாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாடசாலைக்குள் ஒரு மூலை இருக்கிறதே என்று சொல்லி வாவிக்கரையைக் குப்பையும் மணலும் போட்டு நிரப்புவதற்கு இதைச் சாட்டாக்கக் கூடாது. தேன்சிட்டுக்கு நம் மூலை போதும். கண்டலில் தங்கும் கொக்குக்கும் அதன் வேருக்குள் வளரும் இறால் குஞ்சுக்கும் போதாது. வாவிக்கு அருகிலுள்ள பாடசாலைகள் கண்டலைப் பார்க்கவும் பதிவு செய்யவும் பழகட்டும், நடுவதற்கு அவசரப்பட வேண்டாம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் அது திறக்கும் மாரியிலும் நீர்மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று இரண்டு ஆண்டு குறித்துவைத்த பிள்ளைகளுக்கு, எங்கே எது முளைக்கும் என்று சொல்லும் தகுதி வந்துவிடும்.

செய்யவேண்டிய வேலையைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவின் கூட்டக் குறிப்பில் ஏறும் அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறேன். முதல் ஆண்டு எதையும் நட வேண்டாம். இடத்தைத் தெரிந்து, பிளாஸ்டிக்கையும் இடிபாட்டையும் அகற்றி, கயிறு கட்டி, கூட்டுவதை நிறுத்துங்கள். எது தானாக முளைக்கிறது, எது வருகிறது என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு வகுப்பு ஒரே கொப்பியில் எழுதட்டும். பெயர் தெரியாததைப் படமாக வரையட்டும். அந்தக் கொப்பி அதிபர் மாறினாலும் ஆசிரியர் இடமாறினாலும் பாடசாலையின் சொத்தாக அலுமாரியில் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒக்டோபரில், முதல் மழை விழுந்த பின், பத்துக்கு மேற்படாத கன்றுகள். இங்கே வந்திருக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதலைத் தொடாமல் அதன் பயனை ஆண்டுதோறும் எடுப்பது வக்பு சொத்துக்கு நாம் காலங்காலமாகக் கைக்கொண்டுவரும் ஒழுங்கு. இந்த மூலைக்குத் தேவைப்படுவதும் சிறிய, முறியாத, ஆண்டுதோறும் வரும் பணம்தான்: ஒரு குழாய், ஒரு நீர்வாளி, தவணை விடுமுறையிலும் நோன்பிலும் காலையில் வந்து கேற்றைத் திறந்து தண்ணீர் ஊற்றும் ஒருவருக்கு மாதச் சம்பளம். நன்கொடையாளரின் பெயர்ப்பலகையை ஐந்தாம் ஆண்டு, உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பிறகு வைக்கலாம்.